எலிக்கு வராத நோய்



இன்று டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். ஒரு பழைய கடனைத் தீர்க்க இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1990-களின் கடைசியில் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா இந்த நோயில் இறந்துபோனதாக ஊரில் பேச்சு. ஒருநாள் நாலைந்து அம்மாக்கள் வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "எலி கடிச்சாலே நோய் வருது டீச்சர். அவன் பக்கத்துல உக்காந்தா எங்க பிள்ளைக்கு வராதா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அவனைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். சில வாரங்களில் அவன் பள்ளிக்கு வருவதே நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், மருத்துவம் படித்தவள் அல்ல. புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் தாமல் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் வேலூர். இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதை இந்த இரண்டு ஊர்களில்தான் நடந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். அவற்றில் 6 பேருடைய மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது.

அதே 1986-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சுண்டெலி வேண்டும். ஆனால் சுண்டெலியை எச்.ஐ.வி. தொற்றுவதே இல்லை. காரணம் என்ன? நம் வெள்ளை அணுக்களின் மேல் உள்ள சி.டி.4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வைரஸ் உள்ளே நுழைகிறது என்று 1984-லேயே தெரிந்திருந்தது. ஆகவே ரிச்சர்ட் ஆக்சல் குழுவினர் மனித சி.டி.4 மரபணுவைச் சுண்டெலியின் செல்லுக்குள் வைத்தார்கள். வைரஸ் வந்து வெளியே ஒட்டிக்கொண்டது. உள்ளே போகவில்லை!

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதுபோல இங்கேயும் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அது யார் என்று கண்டுபிடிக்க 10 ஆண்டுகள் ஆயின. 1996-இல் எட்வர்ட் பெர்கர் குழுவினர், மனித சி.டி.4 கொண்ட சுண்டெலி செல்களில் மற்ற மனித மரபணுக்களைப் போட்டுத் தேடி, அந்த இரண்டாவது புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயர் சி.எக்ஸ்.சி.ஆர்.4. சில வாரங்களில் சி.சி.ஆர்.5 என்ற இன்னொன்றும் தெரிந்தது. அதன் வழியை அடைக்கும் மாராவிராக் என்ற மாத்திரை 2007-இல் வந்தது.

இப்போது வைரஸ் சுண்டெலி செல்லுக்குள் போய்விட்டது. ஆனாலும் அங்கே சரியாகப் பெருகவில்லை. வைரஸின் டாட் என்ற புரதம் வேலை செய்ய, நம் செல்லில் உள்ள சைக்ளின் டி1 என்ற புரதம் கைகொடுக்க வேண்டும். இது 1998-இல் தெரிந்தது. சுண்டெலிக்கும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் முக்கியமான ஒரே ஓர் இடத்தில், 261-ஆவது இடத்தில், அமினோ அமிலம் வேறு. ஒற்றை எழுத்து மாறினால் பொருளே மாறிப்போகும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதே கதைதான். அதையும் மனிதப் புரதமாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் புதிய வைரஸ்கள் சரிவர உருவாகவில்லை.

ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. சுண்டெலியின் செல்லில் எது இல்லை என்று தேடித்தான், நம் உடம்பில் எதைப் பிடித்து இந்த வைரஸ் வாழ்கிறது என்று கற்றுக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் முயன்றும் சுண்டெலியின் செல்லில் இதை ஒழுங்காக வளர்க்க முடியவில்லை அம்மா, எலி கடித்து இது வராது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. ரத்தம், ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் வழிகள் சிலதான். இது அப்போதே தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். இந்த நோயைக் காரணம் காட்டி யாரையும் பள்ளியில் ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமும் வந்துவிட்டது. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, கேட்டறிந்து வந்து சொல்லுங்கள். அதுவரை எந்தப் பிள்ளையையும் இடம் மாற்றாதீர்கள்.

அந்தப் பையன் இதைப் படிப்பானா, தெரியாது. படித்தால், தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தாமல்