அசுரர் பக்கத்து நாயகர்கள்: சென்னை மேடையிலிருந்து வீடியோ கேம் வரை

2009இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. உருவாக்கியது ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ், வெளியிட்டது சோனி. இந்தியாவில் உருவான முதல் கன்சோல் கேம் என்ற பெருமையோடு வந்த அது, வந்த வேகத்திலேயே சர்ச்சையில் சிக்கியது. தினமும் வணங்கும் தெய்வத்தை விளையாடுபவர் தன் விரல் நுனியில் ஆட்டிவைப்பது தகாது, விற்பனையை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க இந்துத் தலைவர்கள் சிலர் குரல் கொடுத்தார்கள்.

இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. புராண நாயகனைப் புதிய ஊடகத்துக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவரும் சந்தித்தாக வேண்டிய கேள்வி இதற்குள் இருக்கிறது: யாரை மாற்றலாம், எந்த அளவுக்கு மாற்றலாம்? தென் சென்னையின் நடன அரங்குகளும் நாடக சபாக்களும் ஸ்டுடியோக்களும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு விடை தேடின. இன்றைய வீடியோ கேம்கள் கண்டிருக்கும் விடை அந்த விடைக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது.

தேடலின் ஒரு தொடக்கம் அடையாற்றில். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் நிறுவிய கலாக்ஷேத்ரா, 1955இல் 'சீதா சுயம்வரம்' நாட்டிய நாடகத்தை மேடையேற்றியது. வால்மீகி ராமாயணத்தை ஆறு பகுதிகளாக ஆடிக் காட்டும் பெருந்திட்டத்தின் முதல் பகுதி அது. 'ஸ்ரீராம வனகமனம்' 1960இல் வந்தது. 'பாதுகா பட்டாபிஷேகம்' அடுத்த ஆண்டு. 1970இல் 'மகா பட்டாபிஷேக'த்தோடு வரிசை நிறைவுபெறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இசையமைக்கத் தொடங்கியபோது மைசூர் வாசுதேவாச்சாரியாருக்கு வயது தொண்ணூறு. 1961இல் அவர் மறைந்தபின் பேரன் எஸ். ராஜாராம் அந்தப் பணியை முடித்துக்கொடுத்தார்.

அன்று புராணம் என்றால் மக்கள் மனத்தில் வந்து நிற்பது கம்பெனி நாடகம்தான். ஜிகினா உடை, எழுதிய திரைச்சீலை, வெடியும் புகையுமாகத் தோன்றும் தேவர்கள். ருக்மிணி தேவி அவ்வளவையும் களைந்தார். மேடை வெறுமையானது, உடை கைத்தறிக்கும் கோயில் சிற்பத்தின் அளவுகளுக்கும் திரும்பியது. இராமனின் குணத்தையோ கதையையோ அவர் தொடவில்லை. அவனுக்குப் புதிய உடலைக் கொடுத்தார். பெண்களே பெரும்பாலும் ஆடிவந்த பரதநாட்டியத்தில் வில்லெடுத்துப் போர் புரியும் ஆணுக்கான அசைவு போதிய அளவில் இல்லை. அதனால் கதகளி ஆசான்களான அம்பு பணிக்கரும் சாந்து பணிக்கரும் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார்கள். சாந்து பணிக்கர் 1953இல் கேரளத்திலிருந்து அழைத்துவந்த இரு சிறுவர்கள், தனஞ்சயனும் பாலகோபாலனும், அந்த நாட்டிய நாடகங்களின் தூண்களாக வளர்ந்தார்கள். நாயகனைப் புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் அவன் எப்படி நிற்பான், எப்படித் தாக்குவான், எப்படி விழுவான் என்பதைப் புதிதாக அமைக்க வேண்டும் என்று அடையாறு கண்டுகொண்டது. இன்று கேம் ஸ்டுடியோக்களில் அனிமேட்டர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதே வேலையோடுதான்.

அதே ஐம்பதுகளில், அதே ஊரில், இதற்கு நேரெதிரான வழியில் ஒருவர் நடந்தார். நாமக்கல்லில் பிறந்த லட்சுமி நரசிம்மன் என்ற ஆர்.எஸ். மனோகர் 1954இல் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவைத் தொடங்கினார். சினிமாவில் வில்லனாக அறியப்பட்ட அவர், மேடையில் புராணத்து வில்லன்களையே நாயகர்களாக்கினார். 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணன் சீதையின் தந்தை. எதிர்ப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. ஆனாலும் இது மனோகர் குழுவின் கற்பனை மட்டுமல்ல. சீதையை இராவணன் மகளாகச் சொல்லும் மரபு சங்கதாசரின் 'வசுதேவஹிண்டி', குணபத்திரரின் 'உத்தரபுராணம்' போன்ற சமண நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. தமிழ்நாட்டின் அன்றைய சூழலும் கவனிக்கத்தக்கது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971 வரை தடையிலேயே கிடந்தது. அந்தக் காவியம் இராமனை எதிர்த்து நின்றது. மனோகரோ இராமனைப் பழிக்காமலே பார்வையாளரை இராவணன் பக்கத்தில் உட்காரவைத்தார். பக்தரும் பார்க்கலாம், பகுத்தறிவாளரும் பார்க்கலாம். நாடகம் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

'இந்திரஜித்', 'சூரபத்மன்', 'நரகாசுரன்', 'சிசுபாலன்', 'சுக்ராச்சாரியார்' என்று அவரது பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றிலும் வரம் பெற்ற பெருவீரன் ஒருவன், அவனை வீழ்த்தும் குறை ஒன்று, இடையே கண்ணைப் பறிக்கும் தந்திரக் காட்சிகள். இருக்கையில் இருப்பவர்கள் கண்ணெதிரே ஆள் மறைவார், மேடையே உருமாறும். ருக்மிணி தேவி துறந்த காட்சி மாயத்தை மனோகர் இயந்திரத் துல்லியத்தோடு வளர்த்தெடுத்தார். இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது நம் கலை விமர்சனத்தின் பழைய பழக்கம். இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் புராணம் நவீனமான வரலாறு முழுமையாகும்.

சினிமாவும் தெய்வத்தைவிடத் தெய்வத்துக்கு அருகில் நிற்பவர்களிடமே அதிக சுதந்திரம் எடுத்துக்கொண்டது. 1957இல் விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த 'மாயா பஜார்' படத்தின் கிருஷ்ணர், தியாகராய நகர் பசுல்லா சாலையில் வசித்த என்.டி. ராமராவ். திருப்பதிக்குப் போய்த் திரும்பும் பக்தர்கள் பேருந்து பேருந்தாக அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. அத்தகைய கிருஷ்ணரிடம் இயக்குநர் கே.வி. ரெட்டி பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. குறும்பும் சோதனையும் எல்லாம் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனிடம்தான். கல்யாண விருந்துக் காட்சியில் ரங்காராவ் கைவைக்காமலே பலகாரங்கள் தாமாகக் கிளம்பி அவர் வாய்க்குள் போகும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவண்ணம் அது. மகாபாரதத்தில் அரக்கி மகனாகப் போர்க்களத்தில் மடியும் ஒருவன், மூன்று தலைமுறைக் குழந்தைகளின் செல்ல நாயகனாகிவிட்டான்.

கர்ணன் கதை இன்னும் அழுத்தமானது. பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964இல் வெளியானது. தோற்ற பக்கத்தில் நின்ற வீரனுக்கு சிவாஜி கணேசன் கொடுத்த உருவம், தமிழர்கள் கர்ணனை நினைக்கும் விதத்தையே மாற்றிவிட்டது. 2012 மார்ச்சில் டிஜிட்டல் முறையில் சீரமைக்கப்பட்டுத் திரும்ப வந்தபோது சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. படம் முதலில் வந்தபோது பிறந்தே இராதவர்களும் வரிசையில் நின்றார்கள். படத்தில் புதிதாக ஒரு காட்சிகூடச் சேர்க்கப்படவில்லை; ஒலியும் படமும் மட்டுமே தெளிவாயின.

அச்சு ஊடகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 1947 முதல் வந்த 'அம்புலிமாமா'வில் கே.சி. சிவசங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டில் நடப்பான். ராஜா வாய்திறந்ததும் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பும். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. தோற்றால் மீண்டும் தொடங்கு என்ற வீடியோ கேம் விதியைத் தமிழ்ச் சிறுவர்கள் கணினி பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே மாதாமாதம் பழகியிருந்தார்கள். மயிலாப்பூர் 'கலைமகள்' இதழில் தொடங்கிய சிவசங்கர், அறுபது ஆண்டுகள் 'அம்புலிமாமா'வுக்கு வரைந்து 2020இல் மறைந்தார். மறைவுக்குப்பின் பத்மஸ்ரீ வந்தது.

கணினி யுகத்தில் தமிழ்த் திரையுலகம் எடுத்துவைத்த பெரிய அடி 2014இல் வந்த 'கோச்சடையான்'. நடிகரின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் தொழில்நுட்பத்தில் ரஜினிகாந்தை வைத்து சௌந்தர்யா இயக்கிய படம். படத்தையொட்டி அம்பெய்யும் மொபைல் கேம் ஒன்றும் வந்தது. துணிச்சலான முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ரஜினியின் நடையும் தலைமுடி கோதும் வேகமும் பார்வையாளர் ரத்தத்தில் ஊறியவை. கணினி உருவம் அந்த வேகத்தைத் தொட முடியாமல் திணறியது. அடையாறு 1955இல் கற்ற பாடம் இங்கே கைவிடப்பட்டது. பழைய உடலைப் படியெடுக்கப் பார்த்தார்களே ஒழிய, புதிய ஊடகத்துக்கென்று புதிய உடலை உருவாக்கவில்லை.

உலக அளவில் இந்த வேலையைத் தெளிவாகச் செய்து காட்டியது 'காட் ஆஃப் வார்' வீடியோ கேம் வரிசை. 2005இல் பிறந்த கிராடோஸ், கிரேக்கக் கடவுளரை வெட்டிச் சாய்க்கும் வெறி மட்டுமே கொண்டவன். 2018இல் இயக்குநர் கோரி பார்லாக் அவனை நார்ஸ் புராண உலகுக்குக் குடிபெயர்த்தார். சங்கிலிக் கத்திகளுக்குப் பதில் கையில் கோடரி, கூடவே ஒரு மகன். தொலைவிலிருந்து பார்த்த கேமரா அவன் தோளுக்குப் பின்னால் நெருங்கி வந்து, ஆட்டம் முழுதும் வெட்டே இல்லாமல் தொடர்ந்தது. ஆயுதம், உறவு, பார்க்கும் தூரம் ஆகிய மூன்றும் மாறியதில் அதே மனிதன் வேறொருவனானான்.

இந்தியாவிலும் பாதை திரும்பியது. 2017இல் ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ வெளியிட்ட 'அசுரா'வில் விளையாடுபவரே அசுரன்; மனோகரின் பாதை என்று தயங்காமல் சொல்லலாம். 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் தந்த 'ராஜி'யின் நாயகி ஒரு சர்க்கஸ் பெண். மகாபலாசுரன் படையிடமிருந்து தம்பி கோலுவை மீட்கக் கிளம்புகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிகளாகவும் ஆயுதம் அருள்பவர்களாகவும் நிற்கிறார்கள். அவர்களை யாரும் ஆட்டிவைப்பதில்லை. இடைக்காட்சிகள் நிழற்பாவைக் கூத்தாக விரிகின்றன. அவளது சுழலும் தாவலும் சர்க்கஸ்காரிக்கே உரியவை. சீனாவின் 'பிளாக் மித்: வுகோங்' 2024 ஆகஸ்டில் வந்து மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அதிலும் தொடக்கப் பகுதியைத் தவிர, விளையாடுபவர் குரங்கரசன் சுன் வுகோங்காக ஆடுவதில்லை. அவன் வழியைப் பின்தொடரும் வேறொரு குரங்கு வீரனாகவே ஆடுகிறார்.

2009இன் எதிர்ப்புக்கு விடை இதில் இருக்கிறது. தெய்வம் தன் இடத்திலேயே இருக்கட்டும். களத்துக்கு வர வேண்டியவர் அருகில் நிற்பவர், தோற்றவர், எதிரி. கடோத்கஜன், கர்ணன், இலங்கேஸ்வரன் வழியாகச் சென்னை வந்துசேர்ந்த இடமும் இதுவே.

தமிழில் அப்படியொரு நாயகன் தயாராகவே காத்திருக்கிறான். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் வடபழநியிலும் திருச்செந்தூரிலும் சூரசம்ஹாரம் நடக்கும்போது கவனித்தவர்களுக்குத் தெரியும்: தோளில் தூக்கிவரும் சூரன் பொம்மைக்கு முதலில் யானை முகம். வேல் பட்டதும் அந்தத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையைப் பொருத்துவார்கள். அதுவும் விழுந்தபின் சூரனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். மரம் பிளந்து சேவலும் மயிலுமாகும். ஒரே எதிரி உருவம் மாற்றி மாற்றி வர, ஒவ்வொரு கட்டத்திலும் போர் கடுமையாகும் இந்த அமைப்பில்தான் உலகின் பெரிய ஆக்‌ஷன் கேம்கள் தங்கள் இறுதிப் போர்களை வடிவமைக்கின்றன. முருகனாக விளையாட வேண்டியதில்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் 'கந்த புராண'த்தில் முருகனின் படைத்தலைவர் வீரவாகு இருக்கிறார். கடலைத் தாண்டி, காவல் வீரர்களைக் கொன்று, சூரனின் தலைநகரான மகேந்திரபுரிக்குள் நுழைகிறார். சிறையிலிருக்கும் இந்திரன் மகன் சயந்தனைத் தேற்றுகிறார். சூரனின் அவைக்கே தூதராகப் போய், முருகன் அருளால் வந்த ஆசனத்தில் அமர்ந்து பேசுகிறார். ஒளிந்து நுழைவது, பேச்சு, போர், தப்பித்தல் எல்லாம் மகேந்திர காண்டம் ஒன்றிலேயே வரிசையாகக் கிடக்கின்றன. எட்டுத் தம்பியர் துணைக்கு வேறு.

தமிழ் வாழ்க்கையை வைத்து உலகத்தரமான கேம் செய்ய முடியுமா என்ற ஐயமும் தீர்ந்துவிட்டது. கனடா சென்ற தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையான 'வெண்பா'வை டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது பாஃப்டா விருது பெற்றது. வீரவாகுவுக்கு வேண்டிய நடையும் தாண்டவமும் போர்முறையும் அறிந்தவர்கள் அடையாற்றிலும் திருவான்மியூரிலும், தெருக்கூத்து ஆடும் கிராமங்களிலும் இருக்கிறார்கள். சென்னையின் கேம் ஸ்டுடியோக்கள் அடுத்த புராண வீரனை வரையத் தொடங்கும் முன், அசைவுப் பதிவுக் கருவிகளோடு முதலில் அவர்களிடம் போக வேண்டும்; நியாயமான ஊதியத்தோடு, பெயரையும் திரையில் போட்டு.