ஏழு ஆள் சுமை

ஆர்க்கிட் வாங்கும்போது கூடவே சில விதிகளும் கிடைக்கும். மண்ணில் வைக்காதே, மரப்பட்டைத் துண்டும் கரியும் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. காற்று ஓட வேண்டும். வேர் வெள்ளியாக வெளுத்தால் தண்ணீர் ஊற்று, பச்சையாக இருந்தால் சும்மா விடு. இவ்வளவையும் மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததெல்லாம் செத்துப்போன செடிகளின் கதை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. வெப்பமண்டலம் என்றால் புழுக்கம் என்பது அவர்கள் கணக்கு. கண்ணாடி வீட்டை இறுக்க மூடி, நிலக்கரி அடுப்பை மூட்டி, ஆவியில் இட்லி மாதிரி வைத்தார்கள். செடிகள் வெந்து அழுகின. அக்கறையில் குறையே இல்லை.

பல ஆர்க்கிடுகள் மரத்தின்மேல் வாழ்பவை. புல்லுருவி போல மரத்தை உறிஞ்சாது, ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை உண்டு. மழையைச் சட்டென்று குடித்துவிட்டுக் காற்றில் காயும். காயவிடாவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டுக்குள் காற்றை விட்டார். செடிகள் பிழைத்தன. ஆனாலும் பழைய பழக்கம் லேசில் போகவில்லை.

1850இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளில் நீல வாண்டா பூத்திருப்பதைப் பார்த்தார். 1854இல் வெளிவந்த ‘ஹிமாலயன் ஜர்னல்ஸ்’ நூலில் அந்த இடத்தை விவரிக்கிறார்: 3,000 முதல் 4,000 அடி உயரம், இலை குறைந்த குட்டை மரங்கள், காய்ந்த பட்டையில் படர்ந்த வேர்கள், நல்ல வெயில், ஓயாத காற்று, குளிர்காலத்தில் தரையில் உறைபனி. இங்கிலாந்தில் எதெல்லாம் இந்தச் செடியின்மேல் படாமல் காக்கிறோமோ, அதெல்லாம்தான் இதற்கு வேண்டியவை என்கிறார்.

அதே நூலில் இன்னொரு தகவலும் இருக்கிறது. கியூ தோட்டத்துக்காக அந்தச் செடியை ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்தார்கள். உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை கொஞ்சம்தான். வேறொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, வாடி வதங்கிப் போயும், 300 பவுண்டுக்கு விற்றது.

இந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஒரு செடி எங்கே, எப்படி வாழ்கிறது என்று அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவரேதான் அதை மூட்டை மூட்டையாகக் கட்டவும் செய்தார். பார்த்ததும் புரிந்ததும் அந்தக் கையைத் தடுக்கவில்லை. பிறகு வளர்க்கத் தெரிந்தவர்கள் பெருகப் பெருக, காட்டிலிருந்து பறிப்பதும் பெருகியது.

1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். 1960இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் குருத்து நுனியிலிருந்தே செடிகளைப் பெருக்கினார். இன்று கடையில் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் இப்படிக் குடுவையில் பிறந்ததுதான்.

விலை குறைந்ததில் ஒன்று நடந்திருக்கிறது: பூ உதிர்ந்ததும் செடியைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அது சாகவில்லை. இலை விறைப்பாக இருந்தால் வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, வேர் வெளுக்கும்வரை பொறுத்திருங்கள். மறுபடி பூக்கும். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளத்தான் இத்தனை சுமை செடிகள் செத்தன.