வட்டியில்லாமல் கார் வாங்க: முராபஹா ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

"கார் லோனுக்கு எந்த வங்கியில் வட்டி குறைவு?" என்று விசாரிப்பது நம் குடும்பங்களிலும் சாதாரணமாகிவிட்டது. ஒன்பது சதவீதமும் வட்டிதான், ஒரு சதவீதமும் வட்டிதான். அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கியுள்ளான் (அல்குர்ஆன் 2:275). வட்டி வாங்குபவரோடு, கொடுப்பவரும் எழுதுபவரும் சாட்சிகளும் பாவத்தில் சமம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்).

அப்படியானால் கையில் முழுப்பணம் இல்லாதவர் என்ன செய்வது? அதற்கான வழிகளில் ஒன்று முராபஹா. இதில் வங்கி நமக்குக் கடன் தருவதில்லை. நாம் கேட்ட காரைத் தானே வாங்கி, அடக்க விலையையும் இலாபத்தையும் சொல்லி, தவணையில் விற்கிறது. 6,00,000 ரூபாய்க்கு வாங்கிய காரை 7,20,000 ரூபாய்க்கு விற்றால், மாதம் 15,000 வீதம் 48 தவணை.

"வட்டியும் இதே அளவுதானே வருகிறது?" என்று கேட்கலாம். வட்டிக் கடனில் பணம் பணத்தையே ஈட்டுகிறது; தவணை தவறினால் பாக்கி ஏறுகிறது. இங்கே வங்கி பொருளை வாங்கி, அதன் நஷ்டத்திற்கும் பொறுப்பேற்று விற்கிறது. பிறகு விலை ஏறாது. ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம், தாமதத்திற்காகக் கூட்டக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990இல் ஜித்தாவில் தீர்மானித்தது.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை:

1. நமக்கு விற்கும் முன் கார் வங்கிக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும். தம்மிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). வங்கி காரை வாங்காமல் பணத்தை மட்டும் கொடுத்தால், அது பெயர் மாற்றிய கடனே.
2. மொத்த விலை அன்றே முடிவாக வேண்டும்.
3. தாமதக் கட்டணம் வங்கியின் வருமானத்தில் சேராமல், தர்மத்திற்குச் செல்ல வேண்டும்.
4. முன்கூட்டியே அடைத்தால் வங்கி தானாகத் தள்ளுபடி தரலாம். அதை ஒப்பந்த நிபந்தனையாக்கக் கூடாது.

இது வியாபாரம் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து இலாபத்தைக் குறைக்கப் பேரம் பேசுவதில் தவறில்லை.

இலங்கையில் 2005இன் வங்கிச் சட்டத் திருத்தம் இவ்வகை ஒப்பந்தங்களுக்கு வழி திறந்தது. இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை. அங்குள்ளவர்கள் விற்பவரிடமே நிலையான விலையில் தவணை பேசலாம். உறவினரிடம் அழகிய கடன் கேட்கலாம். அல்லது சேமித்து, கைக்கு எட்டும் பழைய காரை வாங்கலாம்.

வாகனம் தாமதமாக வரட்டும், பரக்கத்தோடு வரட்டும். அல்லாஹ் நன்கறிந்தவன்.