வன்னியின் பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் பணமும்

வன்னி ஊர்களிற் பாடசாலைப் பெயர்ப்பலகைகளைச் சற்று நின்று வாசிப்பவர்க்கு ஒரு வரலாறு தென்படும். ஓரிடத்தில் 'அ.த.க. பாடசாலை' என்றிருக்கும். அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது அதன் விரிவு. இன்னோரிடத்தில் 'றோ.க.த.க. பாடசாலை' என்றிருக்கும். அது றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை. இரண்டிலும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கமே. கத்தோலிக்க மிசனின் கையிலிருந்து அந்தப் பாடசாலைகள் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் பலகையிலிருந்து 'றோ.க.' போகவில்லை. ஊராரும் அதை அழிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

இலக்கியம் பேசும் தொடரிற் பாடசாலைச் சம்பளத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் நினைக்கலாம். கதையும் கவிதையும் வாசிப்பவரிற் பெரும் பங்கினர் பெண்கள். அவர்களுக்கு எழுத்தறிவித்த பள்ளிக்கூடத்தின் விளக்கெண்ணெய்ச் செலவை யார் கொடுத்தார் என்பதும் இலக்கிய வரலாற்றுக்குட்பட்டதே என்பது என் எண்ணம்.

மகளிர் பாடசாலைகளை 1960ஆம் ஆண்டில் அரசாங்கம் 'எடுத்துக்கொண்டது' என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையன்று. அரசின் பணம் அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே உள்ளே வந்துவிட்டது. 1869இல் பொதுப் போதனாப் பகுதி அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, மிசன் பாடசாலைகளுக்கும் தனியார் பாடசாலைகளுக்கும் உதவி நன்கொடை வழங்கும் முறை வந்தது. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார், தேறியவர் தொகையைப் பார்த்துப் பணம் வரும். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பார்ப்பார். இம்முறையில் ஒரு கொடுமை உண்டு. பயிர் வேலைக்கு மறிக்கப்பட்ட பிள்ளை, தம்பியைப் பார்க்க வீட்டில் நின்ற பிள்ளை, சாமத்தியப்பட்டதும் நிறுத்தப்பட்ட பிள்ளை ஆகிய மூவரும் வரவு இடாப்பிற் குறைந்தால் பாடசாலையின் வருமானமும் குறையும். ஆகவே பெண்பிள்ளைகளை வைத்து ஒரு பாடசாலை நடத்துவது அன்றைய கணக்கில் நட்டத்தொழில். 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்நாட்டுப் பெண்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு மூவரளவிலேயே இருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்த நட்டத்தை ஏற்கக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அமெரிக்க மிசனார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பெயர் அதனோடு இணைந்தது. பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை. எனவே படித்து முடிக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுக்கும் என்ற ஏற்பாடும் வந்தது. படிப்புக்குக் கட்டணம் வாங்குவதுதான் உலக வழக்கம். உடுவிலிற் படிப்பவளுக்குக் கட்டணம் கொடுத்தார்கள். வேம்படியில் மெதடிஸ்த மிசனாரும், 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரும், 1896இல் சுண்டிக்குளியில் அங்கிலிக்கன் மிசனாரும் இவ்வழியில் வந்தவர்கள். சைவப் பெண்களுக்கென்று சேர். பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் விடுதிக் கல்லூரி நிறுவியது 1913இல்.

வன்னியில் இப்படிச் செலவழிக்க யார் இருந்தார்? 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டினால், பாழடைந்த குளங்களும் காய்ச்சலும் சிதறிய சிற்றூர்களுமே அதிகம். 1905இல் வடபகுதி இரயில்பாதை வவுனியாவைத் தொட்ட பின்னரே அப்பட்டினம் தலையெடுத்தது. கிளிநொச்சி குடியேற்றத் திட்டங்களோடு வளர்ந்த ஊர். பெரிய நிலக்கொடையோ வெளிநாட்டு நிதியோ வன்னிக்கு வரவில்லை. வந்தவை மிசனின் சிறு ஓலைக்கொட்டில்களும், பின்னர் 1923இல் உருவாகி 'இந்து போர்ட்' இராசரத்தினத்தின் உழைப்பால் வளர்ந்த சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளுமே. அவை பெரும்பாலும் கலவன் பாடசாலைகள். பெண்களுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் வைப்பது பட்டினத்துக்கே கட்டுப்படியான ஆடம்பரம். வவுனியா இறம்பைக்குளத்திற் கத்தோலிக்கத் துறவியர் வளர்த்த பள்ளி பின்னர் அரசின் மகளிர் மகாவித்தியாலயமானது. அது வன்னியின் பொதுவிதியன்று, விதிவிலக்கு.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை வகித்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இதனோடு ஒட்டி வந்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஆசிரியர் சம்பளம் மனேச்சரின் கையைத் தாண்டி நேரே ஆசிரியருக்குப் போனமைதான். முழுச் சம்பளத்துக்குக் கையொப்பம் வைத்துவிட்டு அரைச் சம்பளத்தோடு வீடு சென்ற ஆசிரியைகளின் கதை பழையவர்களுக்குத் தெரியும். எந்தச் சபை, எந்தச் சங்கம் என்று இங்கே பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லுக்குள் அடங்காத செலவொன்று இருந்தது. என் தாயார் நெடுங்கேணிப் பக்கத்தவர். ஐம்பதுகளின் நடுவில் ஒரு கன்னியர் மடத்துப் பாடசாலை விடுதியிற் படித்தவர். வகுப்புக்குக் காசில்லை, விடுதிச் சாப்பாட்டுக்கு வருடம் இரண்டு மூட்டை நெல்லு. அம்மப்பா நெல்லுக்காக மறுக்கவில்லை, ஊர் வாய்க்காகத்தான் மறுத்தார். கன்னியர் ஒருவர் மாட்டுவண்டியில் இரண்டு தரம் வந்து திண்ணையில் இருந்து, "நாலு வருஷம் மட்டும் தாங்கோ ஐயா, பிறகு உங்கட விருப்பம்" என்று கேட்டபடியாற்றான் அம்மா போனார். சின்னம்மா அம்மாவுக்குப் பத்து வயது இளையவர். அவருக்குக் கன்னியர் வரவில்லை. ஊரிலேயே அரசினர் கலவன் பாடசாலை இருந்தது. எட்டாம் வகுப்போடு அவர் நின்றுகொண்டார். அவருடைய வகுப்பில் இருபத்தொரு பெண்பிள்ளைகள். அம்மாவின் ஊரிலிருந்து விடுதிக்குப் போனவர் அம்மா ஒருவர்தான்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி 1960இன் நியாயம் விளங்காது. அவ்வாண்டு யூலையிற் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளின் நிருவாகம் டிசெம்பர் முதலாந் திகதி அரசின் கைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் கட்டிடத்தையும் காணியையும் அரசுடைமையாக்கியது. ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் கைமாறின. தெற்கிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியேறிக் காவலிருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசவேண்டியிருந்தது.

சட்டத்தில் ஒரு சிறு வாசலும் இருந்தது. மேல்வகுப்புகள் கொண்ட முதலாந் தர, இரண்டாந் தரப் பாடசாலைகள் விரும்பினால் தனித்து நிற்கலாம். ஆனால் அரசு நன்கொடையும் இல்லை, மாணவரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. உடுவிலும் சுண்டிக்குளியும் அவ்வாசலாற் போயின. பழைய மாணவியர் இருந்தனர், திருச்சபை இருந்தது, காணி இருந்தது. வேம்படி அரசிடம் வந்தது. இன்று அது தேசிய பாடசாலை. வன்னியின் சிறு பள்ளிகளுக்கு முன்னால் அந்த வாசலே திறக்கப்படவில்லை. அவை தரத்தில் அடங்கா. அடங்கியிருந்தாலும் ஒரு மாதத்துச் சம்பளத்தைத் தாங்கியிரா. தெரிவு செய்யும் உரிமைக்கும் முதலீடு வேண்டியிருந்தது. தனித்து நின்ற பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தைப் பின்னாளில் அரசே ஏற்றுக்கொண்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் இலவசக் கல்வியையும் அரசின் பொறுப்பையும் மனமார ஆதரித்தனர். சமயத்தையும் சாதியையும் வாசலில் நிறுத்தி வைத்துப் பிள்ளையைச் சேர்த்த பள்ளிகளை அவர்கள் கண்டவர்கள். நானும் அந்தக் கட்சியைத்தான் சேர்ந்தவன். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். பாடசாலையை வாங்கிய அதே அரசு, 1961 ஜனவரியிற் சிங்களத்தை நிருவாக மொழியாக்கப் புறப்பட்டது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் தொடங்கி வவுனியாக் கச்சேரிக்கும் பரவியது. காலையிற் கச்சேரியை மறித்தவரின் மகள் அதே அரசின் பாடசாலையில் அதே காலையில் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அரசை நம்பவும் முடியாமல், அரசின்றி இயலவும் முடியாமல் இருந்த அந்த நிலை அன்றோடு முடியவில்லை.

கையேற்றலால் வன்னி இழந்தது எது? திண்ணைக்கு வந்து கேட்ட அந்தக் கன்னியரை. புதிய அதிபர்கள் கெட்டவர்களல்லர். ஊருக்கு வந்து பெண்பிள்ளை கேட்பது அவர்களின் கடமை நிரலில் இல்லை, அவ்வளவுதான். அத்தோடு 'கஷ்டப் பிரதேசம்' என்ற சொல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்தவர் சில ஆண்டு சேவை முடிந்ததும் இடமாற்றம் பெற்றுத் திரும்புவார். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் ஆளில்லாத வருடங்கள் வரும். அந்த வருடத்திற் பரீட்சை எழுதியவளுக்கு அந்த வருடம் திரும்பி வராது. கட்டடம் அரசினுடையதாயிற்று, ஆசிரியை ஊருடையவளாகவில்லை.

போர்க்காலத்தில் இந்தச் சம்பளத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. தொண்ணூறுகளில் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆளுகையில் இருந்தது. சீமெந்தும் எரிபொருளும் தடைப்பட்டன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தவர்களிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்தபோது பள்ளிகள் மரநிழலுக்குப் போயின. அப்போதும் ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. பாடநூல் அரசு அச்சிட்டது; க.பொ.த. வினாத்தாளும் அரசினுடையதே. ஒரே அரசின் குண்டும் வினாத்தாளும் ஒரே ஊருக்கு வந்தன. 2006 ஓகஸ்ட் 14ஆந் திகதி வள்ளிபுனம் செஞ்சோலையில் விமானக் குண்டுவீச்சில் இறந்தவர்கள் பயிற்சியொன்றுக்கு வந்திருந்த பாடசாலை மாணவியர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தபோது, அவ்வாண்டு ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சைக்கு முகாமிலிருந்தும் பிள்ளைகள் தோற்றினார்கள். தனியார் மனேச்சர் எவரும் அந்தக் காலத்தைத் தாங்கியிருக்க மாட்டார். அரசைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நன்மையும் அதுவே, மிகப் பெரிய கசப்பும் அதுவே.

அக்காலத்தில் வன்னிப் பாடசாலைகளை உண்மையில் ஓட்டியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். நியமனம் பெற்றவர் வர முடியாத இடங்களில், உயர்தரம் முடித்த ஊர்ப்பெண்கள் பலர் ஒரு சிறு கொடுப்பனவுக்கோ, சிலவேளை அதுவுமின்றியோ வகுப்பெடுத்தார்கள். 1869க்கு முந்திய நிலைக்கு வன்னி திரும்பிப் போனது போலத்தான். ஒரு வேற்றுமை: இம்முறை படிப்பித்தவள் அந்த ஊர்க்காரி. சின்னம்மா எட்டாம் வகுப்போடு நின்ற பாடசாலையில் அவருடைய மகள் பதினொரு வருடம் தொண்டராசிரியையாக இருந்தாள்.

போர் முடிந்ததும் நிரந்தர நியமனங் கேட்டுத் தொண்டர் ஆசிரியர்கள் கல்வி அலுவலகங்களின் வாசலிற் பல ஆண்டுகள் நின்றார்கள். சேவையை உறுதிப்படுத்தச் சம்பவத் திரட்டும் வரவு இடாப்பும் வேண்டுமென்று நேர்முகப் பரீட்சையிற் கேட்டார்கள். சின்னம்மாவின் மகளுடைய பாடசாலையின் சம்பவத் திரட்டு 2009 மாசியில் ஒரு பதுங்குகுழிக்குள் விடப்பட்டது. படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு கொப்பியில் நினைவிலிருந்து எழுதி, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களோடு அவள் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள்.