சாயக் கழிவுநீர்: நிறம் நீங்கிய பின் எஞ்சும் சேறு

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் ஆறு பாழ்பட்டதையடுத்து, அவற்றை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய கழிவுநீரின் நிறத்தை நீக்கும் வழிகளுள் ஒன்று உயர்நிலை ஆக்சிஜனேற்றம். ஃபென்டன் முறையில், அமில நிலையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு உப்பும் வினைபுரிந்து, ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்குகின்றன. நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க இயலாத சாய மூலக்கூறுகளையும் அவை உடைக்கின்றன. பின்னர் நீரை நடுநிலையாக்கும்போது இரும்புச் சேறு படிகிறது.

அச்சேற்றை அள்ளத் தொட்டிக்குள் இறங்குபவர் யார்? கழிவுத் தொட்டிகளில் இறக்கப்படுவோரில் பெரும்பாலோர் தலித் தொழிலாளர்களே. ஆனால், மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை ஆகிய இரண்டையும் மனித மலத்தைக் கொண்டே வரையறுக்கிறது. சாயச் சேறு மட்டுமே தேங்கும் ஆலைத் தொட்டி அவ்வரையறைக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருப்பது மலமா, சாயமா என்பதைக் கொண்டு இறங்குபவரின் உயிரை அளக்கலாகாது. வரையறை விரிவாக்கப்பட வேண்டும்.