மேற்படி போட்ட ஹார்டு டிஸ்க்

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் பழக்கமான சொல் 'இடெம்'. அரசு வேலையில் சேர்ந்த பிறகு அதுவே 'மேற்படி' ஆயிற்று. ஒரே ஊர், ஒரே பதவி என்று பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால், ஒருமுறை எழுதிவிட்டுக் கீழே மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போவோம். தாள் மிச்சம், கைக்கும் ஓய்வு.

கணினியில் தகவலைச் சுருக்குவதும் ஏறக்குறைய இதேதான். ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பல் என்ற இரண்டு இஸ்ரேலிய அறிஞர்கள் 1977-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். முன்பு வந்த எழுத்துத் தொடர் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்து பின்னால் போய் இவ்வளவு எடுத்துக்கொள்' என்ற குறிப்பை மட்டும் வைத்தால் போதும்.

1990-இல் அமெரிக்காவின் ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதை ஹார்டு டிஸ்க் முழுவதற்கும் பயன்படுத்தி 'ஸ்டாக்கர்' என்று விற்றது. 1993-இல் மைக்ரோசாப்ட் தன் எம்.எஸ்.டாஸ் 6.0-இல் 'டபுள்ஸ்பேஸ்' என்று அதே வசதியைச் சேர்த்தது. வழக்கு வந்தது. 1994-இல் ஜூரிகள் ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் தரச் சொன்னார்கள். எதிர்வழக்கில் மைக்ரோசாப்டுக்கும் 1.36 கோடி கிடைத்தது. பிறகு 6.22-இல் வேறு சுருக்கும் முறையோடு 'டிரைவ்ஸ்பேஸ்' என்று பெயர் மாறி வந்தது.

எங்கள் அலுவலகத்தில் அப்போது இருந்தது 40 எம்.பி. டிஸ்க். இன்று கைப்பேசியில் பத்து போட்டோ எடுத்தால் நிறைந்துவிடும்! டபுள்ஸ்பேஸ் போட்டதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சி டிரைவ் என்று நாங்கள் பார்த்தது உண்மையில் ஒரே ஒரு பெரிய மறைவுக் கோப்பு. அதற்கு டிபிஎல்ஸ்பேஸ்.000 என்று பெயர். அதற்குள்தான் எங்கள் ஓய்வூதியப் பட்டியல், கடிதங்கள் எல்லாம். ரெக்கார்டு ரூமையே ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்த கதை. மூட்டைக்கு வெளியே ஒரு பதிவேடு, உள்ளே இன்னொரு பதிவேடு.

ஒருநாள் கணினி மெதுவாகிறது என்று பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டோம். அவர் பழைய டாஸ் பிளாப்பியில் கணினியைத் துவக்கினார். டபுள்ஸ்பேஸை அறியாத அந்த டாஸுக்கு வெளிப் பதிவேடு மட்டுமே தெரிந்தது. நகர மறுத்த பெரிய கோப்பைப் பார்த்து, அதன் பாதுகாப்புக் குறிகளை நீக்கிவிட்டு, டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் தன் பழைய கருவியை ஓட்டினார். பாதியில் கரண்ட் போயிற்று. மறுபடி வந்தபோது சி டிரைவே திறக்கவில்லை. சாதாரண டிஸ்க்கில் இப்படி நடந்தால் சில கோப்புகள் கெடும். இங்கே மூட்டையே அவிழ்ந்துவிட்டது. அந்தப் பட்டியலைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்து முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை எத்தனை பெரியவர்கள் ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டுத் திரும்பினார்கள்!

எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. சுருக்கிய டிரைவை ஒழுங்குபடுத்துவதால் வேகம் பெரிதாகக் கூடுவதே இல்லை. உதிரியான காலி இடம் ஒன்றுசேரும், அவ்வளவுதான். அப்படியும் செய்தே ஆகவேண்டுமென்றால், முதலில் எல்லாவற்றையும் பிளாப்பிகளில் படியெடுத்து வைக்க வேண்டும். பிறகு டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 1993 இறுதியில் 6.2 வந்தபோது அதற்காகவே ஸ்கேன்டிஸ்க் சேர்த்திருந்தார்கள். விண்டோஸை மூடிவிட்டு, டபுள்ஸ்பேஸை அறிந்த டிஃப்ராக் கருவியையே, அதுவும் அந்த டிஸ்க்கிலிருந்தே துவக்கி ஓட்ட வேண்டும். யு.பி.எஸ். இல்லாமல் தொடவே கூடாது. எங்களிடம் படியும் இல்லை, யு.பி.எஸ்.ஸும் இல்லை.

பிற்பாடு விண்டோஸ் என்.டி. வகைகளில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும் வசதி வந்ததால், ஒரே மூட்டை என்ற ஆபத்து நீங்கியது. இப்போது பேரன் வைத்திருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு டிஃப்ராக் தேவையே இல்லையாம்; வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும் என்கிறான்.