சுமேரியர் திருப்பணிச் சாசனங்கள்

திருக்கோயிலுக்கு ஒரு பொருளை அளித்தோர் தம் பெயரை அப்பொருளின்மேல் பொறித்து வைத்தல் மிகப் பழைய வழக்கமாகும். அவ்வழக்கத்தின் இளமைக் காலத்தை எழுத்துச் சான்றுடன் காட்டும் நாடுகளுள் தலையாயது சுமேர். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், யூப்ரடீஸ், டைகிரீஸ் என்னும் இரு பேராறுகள் பாய்ந்த வண்டல் நிலத்தில் உர், உருக், நிப்பூர், உம்மா, லகாஷ் முதலிய நகரங்கள் தழைத்திருந்தன. ஒவ்வொரு நகரும் ஒரு தெய்வத்தின் உடைமை என்பது அம்மக்களின் துணிபு. உர் நகருக்குத் திங்கட் கடவுளாகிய நன்னா; நிப்பூருக்குத் தெய்வங்களின் தலைவனாகிய என்லில்; லகாஷ் நாட்டுக்கு என்லிலின் வீரனாகிய நிங்கிர்சு. ஆள்வோன் தன்னை அத்தெய்வத்தின் பணியாளனாகவே சொல்லிக்கொண்டான்.

இச்சாசனங்களின் அமைப்பு எளியது. முதலில் தெய்வத்தின் பெயரும் சிறப்புகளும் வரும். அடுத்துக் கொடுத்தவன் பெயரும் பதவியும் வரும். பின்னர் இன்ன கோயிலைக் கட்டினான், அல்லது இன்ன பொருளைக் காணிக்கையாக்கினான் என்று வினை முடியும். பல சாசனங்களில் ‘தன் உயிரின்பொருட்டு’ என்னும் சொல்லும் இடம்பெறும். கற்கிண்ணம், தண்டாயுதத்தின் தலை, கதவு சுழலும் குடக்கல், களிமண் ஆணி, செங்கல் ஆகிய எல்லாவற்றின்மீதும் ஆப்பு வடிவ எழுத்துகளால் இவ்வாறு பொறித்தனர். வேண்டியது ஒன்றே: உயிர் நிலைத்தல். இவ்வேண்டுகோள் நிறைவேறுதற்குக் கொடை மட்டும் போதுமா என்னும் வினா நமக்கு எழுகின்றது. அதற்கு விடையும் அச்சாசனங்களிலேயே கிடைக்கின்றது.

ஏறத்தாழக் கி.மு. 2500-இல் லகாஷை ஆண்ட உர்நான்ஷே என்பானை முதலில் காண்போம். பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கற்பலகை, அவனைத் தலையில் மண்கூடை சுமப்பவனாகக் காட்டுகின்றது. எதிரே அவன் மக்கள் நிற்கின்றனர். அவரவர் பெயர் அவரவர் உருவத்தின்மேல் எழுதப்பெற்றுள்ளது. நாடாளும் வேந்தன் சிற்றாள்போலக் கூடை சுமந்து நிற்பதையே தனக்குப் பெருமையாகக் கொண்டான். பிற்காலத்தில், ஏறத்தாழக் கி.மு. 2100-இல், உர் நகரத்துப் பெரும் படிக்கோபுரத்தை நன்னாவுக்கு எடுப்பித்த உர்நம்முவும், அவன் மகன் சுல்கியும் இதே கோலத்தில் செம்பு உருவங்களைச் செய்வித்துக் கோயிற் கடைக்காலில் புதைத்தனர். மண்ணுக்குள் மறைந்த அவ்வுருவத்தை எந்தக் குடிமகன் காணப்போகிறான்? தெய்வம் காணும் என்பதும், பின்னொருநாள் கோயிலைப் புதுப்பிக்க வரும் வேந்தன் காண்பான் என்பதுமே அவர்களுடைய நம்பிக்கை.

வேந்தர் மட்டுமல்லர், அலுவலரும் கொடை அளித்தனர். லகாஷின் வேந்தன் முதலாம் என்அன்னாதும் என்பானுடைய அமைச்சன் ஒருவன் நிங்கிர்சுவுக்குக் கல்லாலான தண்டாயுதத் தலை ஒன்றை அளித்தான். அதில் அவன் வேண்டியது தன் உயிரை அன்று. தன் தலைவனது உயிரை. அது இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. என்மெதேனா என்னும் வேந்தன் நிங்கிர்சுவுக்கு அளித்த அழகிய வெள்ளிக் கலத்திலோ, வேந்தன் பெயரோடு, அக்காலத்துக் கோயில் அதிகாரியாகிய தூதூவின் பெயரும் சாசனத்தின் இறுதியில் நிற்கின்றது. கொடை ஒருவனுடையதாயினும் அதனை ஏற்றுக் காப்பவன் வேறொருவன் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் போலும்.

இனிக் குடேயாவைப் பற்றிக் கூறுவோம். கி.மு. 22-ஆம் நூற்றாண்டில் லகாஷை ஆண்ட இவன் நிங்கிர்சுவின் எனின்னு என்னும் கோயிலைப் புதிதாக எடுப்பித்தான். அவ்வரலாற்றை இரண்டு பெரிய களிமண் உருளைகளில் 1,300-க்கும் மேற்பட்ட வரிகளில் எழுதுவித்தான். 1877-இல் பிரெஞ்சு நாட்டினர் தெல்லோ என்னும் மேட்டில் அகழ்ந்தபோது அவை வெளிப்பட்டன. வானளாவிய ஒருவன் தன்னைக் கோயில் கட்டப் பணித்ததாகக் குடேயா கனாக் கண்டான். பொருள் விளங்காமல் நான்ஷே என்னும் தெய்வத்திடம் சென்று முறையிட்டான். வந்தவன் நிங்கிர்சுவே என்று அத்தெய்வம் விளக்கியது. அதன்பின் அவன் முதற் செங்கல்லுக்குத் தேனும் நெய்யும் சேர்த்துத் தானே வார்த்தான். மகனும் மெலுகாவும் மலைகளினின்று மரம் கொணர்ந்தன என்கின்றன அவ்வரிகள். மகன் என்பது இன்றைய ஓமன் பகுதி. மெலுகா என்பது சிந்துவெளி நாடாகும் என்பது ஆய்வாளர் பலரும் ஒப்பும் கருத்து.

இக்கடல் வாணிகத் தொடர்பு மெய்யானது. ஆனால் இதனைக் கொண்டு சுமேரிய மொழியைத் தமிழின் உறவாகச் சொல்லிவிடுதல் கூடாது. சொற்பகுதிகள் ஒட்டி ஒட்டி வளரும் இயல்பு இரண்டிற்கும் உண்டு என்பது கொண்டே சிலர் அவ்வாறு எழுதினர். அவ்வியல்பு உலகில் இன்னும் பல மொழிகளுக்கு உண்டு. எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழியாகவே சுமேரியத்தை மொழிநூலார் வைத்துள்ளனர். பிறர் பத்தியை மதிப்பதற்கு அவர் நம் சுற்றத்தார் ஆதல் வேண்டுவதில்லை.

குடேயா மகனிலிருந்து வருவித்த கருங்கல்லில் தன் உருவங்களைச் செதுக்குவித்துக் கோயில்களில் நிறுத்தினான். அவற்றுள் ஒன்று, மடியில் கோயிலின் வரைபடத்தைத் தாங்கி, கைகூப்பி அமர்ந்திருப்பது. அவ்வுருவத்துக்கு நாள்தோறும் வழங்கவேண்டிய படி அதன் சாசனத்தில் உள்ளது. வாற்கோதுமைக் கள் ஒரு சிலா, அப்பம் ஒரு சிலா, மாவு அரைச் சிலா, நொய் அரைச் சிலா என்பது கணக்கு. ஒரு சிலா இன்றைய ஒரு லிட்டர் அளவினது. அவ்வுருவம் வெள்ளியாலோ நீலமணியாலோ செம்பாலோ செய்யப்பெற்றதன்று, கல்லே என்று குடேயா வற்புறுத்துகின்றான். விலையுயர்ந்த பொருளாயின் உருக்கி எடுத்துவிடுவர் என்னும் அச்சம் அதில் தெரிகின்றது. படியைக் குறைப்பவனையும் உருவத்தைப் பெயர்ப்பவனையும் தெய்வங்கள் ஒறுக்குமாறு சாபமும் இட்டுள்ளான்.

இவற்றினும் சிறந்த பகுதி ஒன்று அச்சாசனத்தில் உண்டு. திருப்பணி நடந்த காலத்தில் எவரும் சவுக்கால் அடிக்கப்படவில்லை; தாய் தன் பிள்ளையை அடிக்கவில்லை. தெய்வம் கோயில் புகுந்தபோது ஏழு நாள் அடிமைப்பெண் தலைவிக்கு நிகராயினள். அடிமை தன் ஆண்டையோடு பக்கம் பக்கமாக நடந்தான். அனாதையைச் செல்வனிடமும் விதவையை வலியவனிடமும் விட்டுவிடவில்லை. ஆண்மகவு இல்லாத வீட்டில் மகளே உரியவள் ஆயினள். இவற்றையெல்லாம் குடேயா கோயிலின் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் ஒப்பத் தன் திருப்பணியின் பகுதியாகவே எழுதினான்.

அவனுக்கு இருநூறு ஆண்டுகட்கு முன்பே, ஏறத்தாழக் கி.மு. 2350-இல், லகாஷை ஆண்ட உருஇனிம்கினா இதனை இன்னும் வெளிப்படையாகச் சொன்னான். நிங்கிர்சுவுக்குக் கோயில் கட்டியதைக் கூறும் களிமண் கூம்புகளில், முன்பு நடந்த கேட்டையும் அவன் மறைக்கவில்லை. தெய்வத்தின் எருதுகள் ஆள்வோனுடைய வெங்காயப் பாத்திகளை உழுதன. இறந்தவனைப் புதைப்பதற்குப் பூசகர் 7 குடம் கள்ளும் 420 அப்பங்களும் வாங்கினர். அதனை அவன் 3 குடமும் 80 அப்பமுமாகக் குறைத்தான். அனாதையையும் விதவையையும் வலியோர்க்கு ஒப்புவிப்பதில்லை என்று நிங்கிர்சுவோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக அச்சாசனம் கூறுகின்றது. கோயிலின் பெயரால் எளியோர் நலிவுறுவதைத் தெய்வம் ஏலாது என்பது அவன் கண்ட உண்மை.

ஆயினும் அவன் ஆட்சி நீடிக்கவில்லை. உம்மாவின் வேந்தன் லுகால்சகேசி லகாஷின்மேல் படையெடுத்தான். அவன் எரித்த கோயில்களையும், வாரிச்சென்ற வெள்ளியையும் நீலமணியையும் ஒரு களிமண் பலகை வரிசையாகக் கூறுகின்றது. இதில் உருஇனிம்கினாவின் குற்றம் இல்லை. லுகால்சகேசியின் தெய்வமாகிய நிசபா இப்பாவத்தைத் தன் கழுத்தில் சுமப்பாளாக என்று அது முடிகின்றது.

அதே லுகால்சகேசி நிப்பூரில் என்லிலுக்குப் பல கற்கலங்களை அளித்தான். கீழ்க்கடல் முதல் மேற்கடல் வரை வழிகளை என்லில் தனக்குத் திறந்தான் என்றும், தன் வாழ்நாளோடு மேலும் வாழ்நாள் சேர வேண்டும் என்றும் அவற்றில் பொறித்தான். பின்னர் நடந்தது யாது? அக்காதின் சார்கோன் அவனை வென்று, கழுத்தில் தளை பூட்டி, என்லிலின் வாயிலுக்கே இழுத்துவந்தான். இதனைச் சார்கோனின் சாசனம் கூறுகின்றது. எவ்வாயிலில் கொடையாளனாக நின்றானோ, அவ்வாயிலிலேயே கைதியாக நின்றான். ஒரு தெய்வத்தின் கோயிலை எரித்த கை மற்றொரு தெய்வத்துக்குக் கலம் ஏந்தியது. அக்கலம் அவனைக் காக்கவில்லை.

மற்றவர் கொடைகள் மட்டும் வாழ்ந்தனவா? குடேயாவின் மடியில் வரைபடம் உள்ள உருவம் இன்று தலையிழந்து லூவரில் இருக்கின்றது. அதற்கு அப்பமும் இல்லை, கள்ளும் இல்லை. என்மெதேனாவின் கல்லுருவம் ஒன்று 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகத்தினின்று களவுபோய், 2006-இல் மீட்கப்பெற்றது. சாபம் கள்வரைத் தடுக்கவில்லை. வெள்ளியும் கல்லும் காலத்தின் வாய்ப்பட்டன. கோயில்கள் மண்மேடாயின. அத்தெய்வங்களை வணங்குவாரும் இல்லை.

ஆயினும் நாலாயிரம் ஆண்டு கடந்து அச்சாசனங்களைப் படிக்கும் நமக்கு, கலத்தின் எடையோ கோயிலின் உயரமோ மனத்தில் நிற்பதில்லை. கூடை சுமந்த வேந்தனும், தலைவன் உயிரை வேண்டிய அமைச்சனும், ஏழு நாள் தலைவிக்கு நிகராய் நின்ற அடிமைப்பெண்ணும், காக்கப்பெற்ற விதவையுமே நிற்கின்றனர். ‘தன் உயிரின்பொருட்டு’ என்று அவர்கள் வேண்டியது அவ்வளவில் பலித்தது எனலாம். கோயிலுக்குக் கொடுப்போர் தம் பெயரைக் கல்லில் பொறிக்கட்டும், அதில் தவறில்லை. அப்பெயருக்குக் கீழே எளியோர்க்குச் செய்த அறம் ஒன்றும் எழுதத் தக்கதாக இருத்தல் வேண்டும். அதுவே அக்கொடைக்கு உயிராகும்.